பழுக்காத வெளிச்சம்

என் அண்ணியின் வேலை குழாய்க்குள் நடப்பது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். வீட்டுக் குழாயை நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய இரும்புக் குழாயை அவர்கள் பார்த்ததில்லை. அதற்குள் ஓர் ஆள் தலையைக் குனிந்தபடி நடக்கலாம். ஆள் கட்டையாக இருந்தால் குனியக்கூட வேண்டாம். பகுதி பகுதியாகத் தண்ணீரை அடைத்து வடித்துவிட்டு, உள்ளே ஆள் இறக்கி, ஒவ்வோர் இணைப்பையும் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். துரு தின்ற இடம் வேறு மாதிரிச் சத்தம் போடும். அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பிறகு ஒட்டுப்போடுகிறவர்கள் வருவார்கள்.

அண்ணி இந்த வேலைக்கு வந்தபோது அப்போதைய அதிகாரி, "உள்ள இருட்டா இருக்கும், பயமில்லயாம்மா?" என்று கேட்டாராம். "எதுக்கு சார், உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று அண்ணி திருப்பிக் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு பதிலுக்காகவே வேலை கொடுத்தார் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். பயம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் அவளுக்குக் கோபம்தான் வரும். தெருநாய் குரைத்தால் நின்று திட்டுவாள். ஒழுகுகிற கூரையைத் திட்டுவாள். சட்டைப் பொத்தானைத் திட்டுவாள். அண்ணன் வீட்டின் முன்னறையில் படுப்பவன் நான். காலையில் எனக்கு விழிப்புத் தருவது பெரும்பாலும் அடுப்பின் மேல் அவளுக்கு இருக்கும் ஏதோ ஒரு மனத்தாங்கல்தான்.

குழாய் வேலைக்கு மூன்று பேர். மூடியைத் திறந்தால் தெரிகிற பள்ளத்தை 'வாய்' என்பார்கள். ஒருவர் வாயிலேயே உட்கார்ந்திருப்பார்; ஏணியில் இறங்குகிறவர்கள் பற்றிக்கொள்ளும் கயிற்றின் மேல்முனை அவர் கையில். இருவர் ஏணியில் இறங்கி, ஒருவர் தண்ணீர் வரும் திசையிலும் மற்றவர் போகும் திசையிலுமாகப் பிரிந்து நடப்பார்கள். அண்ணியோடு இறங்குபவருக்குக் கட்டையன் என்று பெயர். பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குழாய்க்கென்றே அளவெடுத்துச் செய்த ஆள் என்று தன்னைப் பற்றி அவரே பெருமையடிப்பார். அண்ணி அவரை அண்ணே என்பாள், அவர் இவளைத் தங்கச்சி என்பார். வாயில் உட்காருபவர் ரேடியோ. அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

அவர்களுடைய டார்ச் பழைய மாதிரி, நீளமானது, இரண்டு பெரிய செல் போடுவது. இறங்கும் முன் ஸ்டோரில் புதுச் செல் தருவார்கள். சட்டைப் பையில் இன்னொரு ஜோடி. முதலில் வெளிச்சம் வெள்ளையாக விழும். நேரம் போகப்போக ஓரத்தில் இளமஞ்சள் தட்டும். பிறகு நடுவும் மஞ்சளாகும். அதை அவர்கள் பழுக்கிறது என்பார்கள். 'வெளிச்சம் பழுத்தா திரும்பு.' குழாய்க்காரர்களுக்கு எழுதாத சட்டம் அதுதான். கடிகாரம் கட்டுவதில்லை. ஈரமும் துருவும் எந்தக் கடிகாரத்தையும் விட்டுவைப்பதில்லை. கைபேசியை வாயிலேயே ரேடியோ வாங்கி வைத்துக்கொள்வார். தலையில் மாட்டும் விளக்கு ஒருமுறை வந்தது. குனிந்து நடக்கிறவனுக்கு அது அவன் காலை மட்டும்தான் காட்டும் என்று திரும்பிப் போனது. உள்ளே இருப்பவருக்கு நேரம், தூரம், களைப்பு எல்லாமே அந்த வெளிச்சத்தின் நிறம்தான். பழுத்ததும் கால் தானாகத் திரும்பிவிடும். அதையும் மீறி அணைந்தால், நின்ற இடத்திலேயே பின்மூடியைத் திருகி, பையில் இருக்கும் செல்லைத் தடவிப் பார்த்து, செல்லின் உலோக மூக்கு முன்னால் வரும்படி போட்டுக்கொள்வார்கள். கண்ணே வேண்டாம்.

பிறகு புது டார்ச் வந்தது.

அதைக் கொண்டுவந்தவன் கம்பெனிக்காரன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பெட்டி. டிப்போவின் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துக் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு டார்ச். அழுத்தினான். பகலிலேயே எதிர்ச் சுவர் வெளுத்தது. டிப்போவுக்குப் பொறுப்பான பொறியாளர் கை தட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

"தலகாணிக்குப் பக்கத்துல வச்சுக் கொஞ்சலாம் போலிருக்கு சார்" என்றார் ரேடியோ.

அண்ணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத எப்படித் திறக்குறது?"

"திறக்கவே வேண்டாம்மா. அதுதான் இதுல வசதி. பேட்டரி உள்ளயே இருக்கு. சார்ஜ் போட்டாப் போதும்."

"திறக்க வேண்டாம்கிறீங்களா, திறக்க முடியாதுங்கிறீங்களா?"

"திறந்தா கேரண்டி போயிடும்."

"நான் கேட்டது அது இல்லியே."

கம்பெனிக்காரன் பொறியாளரைப் பார்த்துச் சிரித்தான். பொறியாளர், "அவங்க அப்படித்தான், விடுங்க" என்றார். அவன் டார்ச்சின் பின்புறத்தைக் காட்டினான். நான்கு சின்னப் பச்சைப் புள்ளிகள். நான்கும் எரிந்தால் முழுச் சார்ஜ். ஒன்று மட்டும் எரிந்தால் திரும்ப வேண்டும். டார்ச்சைப் பிடித்தால் அந்த இடத்தில்தான் உள்ளங்கை வருகிறது. கையுறை போட்ட கை, சேறு அப்பிய கை. கட்டையன் அதைச் சொன்னதற்கு, "அப்பப்ப கைய எடுத்துப் பாத்துக்குங்க" என்று பதில் வந்தது.

என் அண்ணன்தான் ஸ்டோர்க்காரன். புது டார்ச்சோடு ஓர் அலமாரியும் வந்தது. ஒவ்வொரு டார்ச்சுக்கும் ஒரு குழி, குழிக்கு ஒரு விளக்கு, மொத்தத்துக்கும் ஒரு பூட்டு. சாவி அண்ணன் இடுப்பில். சாயங்காலம் டார்ச்சுகளை வாங்கித் தன் கையால் குழியில் வைத்துப் பூட்டுவான். காலையில் தன் கையால் எடுத்துக் கொடுப்பான். செல்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கணக்குப் பார்த்து நொந்தவனுக்கு அந்த அலமாரி ஒரு விடுதலை. சாப்பிடும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசினான். கதவைத் திறந்தால் விமானத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறதாம்.

"நீங்க எந்த விமானத்துல போனீங்க?" என்றாள் அண்ணி.

"படத்துல பாத்ததச் சொல்றேன்டீ."

"என்னைக் கட்டினதுக்கு அந்த அலமாரியையே கட்டியிருக்கலாம். அது எதிர்த்துப் பேசாது."

"வெளிச்சமாவது குடுக்கும்" என்றான் அண்ணன். அன்று இருவரும் சிரித்தார்கள்.

முதல் கொஞ்ச காலம் புது டார்ச்சைக் குறை சொல்ல முடியவில்லை. உள்ளே கண் கூசும் வெள்ளை. துருவின் ஓரத்தில் இருக்கும் மயிரிழை விரிசல்கூடத் தெரிகிறது என்று கட்டையனே மெச்சினார். அண்ணிக்கு மட்டும் ஒரு மனக்குறை. "எப்பவும் ஒரே மாதிரி எரியுது அண்ணே. நான் எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு தெரியவே மாட்டேங்குது. எதிர்ல நின்னு சிரிச்சுக்கிட்டே இருக்குற ஆளு மாதிரி. நம்ப முடியல." அவள் மட்டும் பழைய டார்ச்சையும் இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினாள். ஸ்டோரில் செல் வரத்து நின்றுபோனது. அவள் கடையில் வாங்கிப் போட்டாள். இது பொறியாளர் காதுக்குப் போய், இரண்டு டார்ச் கொண்டுபோவது விதிக்கு விரோதம் என்று அண்ணன் வழியாகவே சொல்லியனுப்பினார். அண்ணன் அதை வீட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அண்ணி பழைய டார்ச்சை எடுத்துப் பரணில் எறிந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போனது. அடுத்த கோடையில் ஒரு பகல். வெளியே தார் உருகும் வெயில். குழாய்க்குள் வழக்கமான இருட்டு.

கட்டையன் தண்ணீர் போகும் திசையில் நடந்திருக்கிறார். தட்டுவார், கேட்பார், நகர்வார். வெளிச்சம் வெள்ளையாகவே இருந்தது. கால் திரும்பச் சொல்லவில்லை. எத்தனையோ வருடமாக நிறத்தைப் பார்த்து நடந்த கால் அது. புள்ளியைப் பார்க்க அதற்குப் பழக்கமில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஓர் இணைப்பைத் தட்டிக் காதை வைத்திருக்கும்போது டார்ச் நின்றது. மங்கவில்லை, துடிக்கவில்லை. இருந்தது, இல்லை. அவ்வளவுதான்.

அவர் அழுத்திப் பார்த்தார். உதறிப் பார்த்தார். உள்ளங்கையில் தட்டியதில் அது நழுவி விழுந்தது. குனிந்து, மண்டியிட்டு, வட்டமாகத் தடவித் தேடினார். அங்கேதான் தவறு நடந்தது. உருண்டைக் குழாய்க்குள் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. கைக்கு இரண்டு பக்கமும் ஒன்றேதான். டார்ச் கிடைத்து எழுந்தபோது எந்தப் பக்கம் வாய் என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக நினைத்து ஒரு பக்கம் நடந்தார். அது எதிர்ப்பக்கம். சட்டைப் பையில் செல் இல்லை. இருந்தாலும் அந்த டார்ச்சுக்குள் போட வழி இல்லை. அந்தப் பக்கம் குழாயின் அடியில் வண்டல் வெளியேற்றும் குழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் தெரிந்த குழிதான். வெளிச்சத்தோடு வருகிறவர்கள் தாண்டிப் போவார்கள். அவர் அதில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

அண்ணி தன் பக்கத்தை முடித்து வாய்க்கு வந்தபோது ரேடியோ பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கட்டையண்ணன் வரல?"

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். சத்தமே இல்ல."

அவள் திரும்பி இறங்கினாள். கையில் அதே ரக டார்ச். அது எவ்வளவு நேரம் எரியும் என்பது அவளுக்குத் தெரியாது. வெள்ளையாகத்தான் எரிந்தது. அந்த வெள்ளையைப் பற்றிப் பிறகு என்னிடம் சொன்னாள். "பொய் சொல்றவன் கையப் புடிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு தம்பி." அணைந்தால் வாய் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, இடது தோளைக் குழாயில் உரசிக்கொண்டே போயிருக்கிறாள். சட்டை கிழிந்து தோள் தோலுரிந்துவிட்டது. முனகல் கேட்ட இடத்தில் குழி. குழிக்குள் கட்டையன். "தங்கச்சி, நீயும் விழுந்துடாத" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

கயிறும் ஆட்களும் வந்து அவரைத் தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அண்ணி வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தோளில் கட்டு. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கை கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கட்டையண்ணன் கையில இருந்தது எந்த டார்ச் தெரியுமா? சிவப்பு நூல் கட்டினது. யாரு கட்டினா அந்த நூல?"

அண்ணனின் கை சோற்றில் நின்றது. நான் எதிரே சுவரில் சாய்ந்திருந்தேன். ஒரு மனிதனின் முகம் கதவைச் சாத்திக்கொள்வதைப் பார்த்தேன்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"நான்தான் கட்டினேன்."

"எதுக்கு?"

"அது கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அடையாளத்துக்கு."

"சீக்கிரம்னா?"

அவன் தண்ணீர் குடித்தான். பிறகு மடமடவென்று சொன்னான், யாரோ துரத்துகிற மாதிரி. அந்த டார்ச்சின் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்கக் குழியில் வைத்தாலும் பாதி வேலை நேரம் தாங்காது. ஆனால் காலையில் நான்கு புள்ளியும் எரியும். "கம்பெனிக்குச் சொன்னேன். உள்ள இருக்குற பேட்டரி அவங்களோடது, கடையில கிடைக்காது. தனியாவும் விக்க மாட்டாங்களாம். சரி, நாமளே திறக்கலாம்னா ஸ்க்ரூ மூணு மூலையா இருக்கு. நம்மகிட்ட இருக்குற எதுவும் புடிக்கல. டார்ச்சோட அனுப்புங்க, டார்ச்சா திருப்பித் தர்றோம்னாங்க. எப்பன்னு சொல்லல. அனுப்பிட்டா எண்ணிக்கை குறையும். குறைஞ்சா சார் என்னைக் கேப்பாரு. எங்கிட்ட வேற டார்ச் ஏது?"

"அத அண்ணன்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான்..."

"சொன்னீங்களா?"

"இல்ல."

அடுத்து அண்ணி பேசியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எல்லாவற்றையும் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே அழைத்தவள், அன்று நடுவாக்கியத்தில் 'நீ' என்றாள்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சே எடுத்து அந்த மனுஷன் கையில குடுத்திருக்க. குடுக்கும்போது அவரு மூஞ்சியப் பாத்தியா? 'வரேன் தம்பி'ன்னு சொல்லிட்டுத்தான போவாரு தினமும்? நூலு கட்டத் தெரிஞ்சுது, வாயத் திறக்கத் தெரியல? அது என் கைக்கு வந்திருந்தா? அப்பவும் நூலுதான் கட்டியிருப்பியா?"

"உனக்கு அத நான் குடுக்கவே மாட்டேன்" என்றான் அண்ணன்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அண்ணி எழுந்து அவன் தட்டைப் பிடுங்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள்.

எனக்கும் கோபம் வந்தது. அண்ணன் மேல் மட்டும் இல்லை. சாகப்போகிற விளக்கு சாகப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். அதைக்கூடச் சொல்லாத ஒன்றைச் செய்து, திறக்க முடியாதபடி மூடி, மூன்று மூலை ஸ்க்ரூ போட்டு, பளபளவென்று விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமைகூட இல்லாத ஒரு பொருளை நம்பி ஒருவர் இருட்டுக்குள் போக வேண்டும். அந்த ஸ்க்ரூவை யோசித்தவன் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, இதைத் திருக எவனிடமும் கருவி இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் யோசித்திருக்கிறான். அவனுக்குக் கட்டையனைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை.

விசாரணை டிப்போ கொட்டகையிலேயே நடந்தது. கட்டையனின் மனைவி தனியாக வரத் தயங்கியதால் நான் துணைக்குப் போனேன். ஒல்லியான பெண். வழியெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவரு மேல தப்புன்னு சொல்லிடுவாங்களா தம்பி?" சொல்லிவிட்டால் வேலை போகும், வைத்தியமும் அவர்கள் தலையில். இன்னும் இரண்டு முறை காலில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது. நான் அவர் பையை வாங்கிக்கொண்டேன்.

பொறியாளர் நடுவில். பக்கத்தில் கம்பெனிக்காரன், அதே இஸ்திரி. ஓரத்தில் அண்ணன். சுவர் ஓரமாக ரேடியோவும் மற்றவர்களும். அண்ணி உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றாள்.

கம்பெனிக்காரன் வாய் வலிக்காமல் பேசினான். டார்ச்சில் கோளாறு என்பதே கிடையாது. இறங்கும் முன் நான்கு புள்ளியும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளேயும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பயன்படுத்துகிறவர் பார்க்கவில்லை.

"உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?" என்றாள் அண்ணி.

"எதுக்குள்ளம்மா?"

"குழாய்க்குள்ள."

"அது எங்க வேலை இல்லியே."

"சாவுறது மட்டும் எங்க வேலை."

"அம்மா, கொஞ்சம் பொறுமையா பேசுங்க" என்றார் பொறியாளர். "யாரும் சாகல. ஆளு நல்லாத்தான் இருக்காரு."

"நல்லாத்தான் இருக்காரு. தொடையில கம்பி விட்டு, கால மேல கட்டித் தொங்கவிட்டு, நல்லா இருக்காரு. போய்ப் பாத்தீங்களா சார் ஒரு நாளாவது?"

பொறியாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் காலையில அந்த டார்ச்சக் குடுக்கும்போது நாலு புள்ளியும் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சார்."

"அதுல முன்னாடி ஏதாவது புகார் உண்டா?"

வெயிலில் கொட்டகையின் தகரம் சடசடத்தது. அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த டார்ச்சைப் பார்த்தான். சிவப்பு நூல் இப்போது அதில் இல்லை.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்."

அண்ணி தூணிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னொரு தடவ சொல்லு."

"நீ சும்மா இரு."

"சொல்லு. நேத்து வரைக்கும் ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சா? நூலு எங்க? யாரு அவுத்தா? எங்கிட்டச் சொன்னத இவங்ககிட்டச் சொல்ல நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்குங்கம்மா" என்றார் பொறியாளர். சுவர் ஓரத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வீட்டுல போட்டு முடிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன். மிச்சம் இருக்குறது உங்களுக்கு." அவள் குரல் உடைந்தது. அழுகையில் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. "உங்க எல்லாருக்கும் ஒரே ஆளுதான் தோதா கிடைச்சாரு. இங்க இல்லாதவரு. எழுந்து வந்து நிக்க முடியாதவரு. அவரு மேல எழுதிட்டா கம்பெனியும் சுத்தம், ஆபீசும் சுத்தம், என் புருஷனும் சுத்தம். நல்லா இருங்க எல்லாரும்."

அப்போது கட்டையனின் மனைவி எழுந்தார். சத்தம் போடவில்லை. அண்ணனைப் பார்த்து, தெருவில் வழி கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு பாத்துட்டுத்தான் இறங்கியிருப்பாரா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. ராத்திரி அவரு கேக்குறாரு. 'நான் பாத்தேனா பாக்கலியான்னு எனக்கே ஞாபகம் இல்லியே'ன்னு அழுறாரு. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நான் போய்ச் சொல்றேன்."

அண்ணன் எழுந்து நின்றான். பொறியாளர் முன் எப்போதும் கைகட்டி நிற்பவன். இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"பாத்திருந்தாலும் நாலுதான்க்கா எரிஞ்சிருக்கும். எப்பவும் நாலு எரியும். பேட்டரி செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்." பிறகு பொறியாளரிடம் திரும்பினான். "கம்பெனிக்கு ரெண்டு தடவ சொன்னேன். உங்ககிட்டயும் சொன்னேன் சார். 'இருக்கிறத வச்சு ஓட்டு'ன்னு சொன்னீங்க."

"எங்கிட்ட நீ எப்ப சொன்ன?"

"மாடிப்படியில. காருக்குப் போகும்போது."

"படியில சொன்னதெல்லாம் சொன்னதாகுமா?"

"ஆகாது சார். ஆனா சொன்னேன்."

சுவர் ஓரத்தில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ எழுந்தார். "பழைய டார்ச்சும் செல்லும் வர்ற வரைக்கும் குழாய்க்குள்ள யாரும் இறங்குறதா இல்ல சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதப்போவதில்லை. கட்டையன் மேல் குற்றம் இல்லை என்றானது, வைத்தியத்தை ஏற்றுக்கொண்டார்கள். கால் சேர்ந்தாலும் இனிக் குழாய்க்குள் நடக்க முடியாது. கம்பெனிக்காரன் தப்பித்தான். மற்ற பிரிவுகளில் இன்றும் அதே அலமாரி, அதே பச்சை விளக்கு. பொறியாளர் அதே நாற்காலியில் இருக்கிறார். குழாய்க்காரர்களுக்கு மட்டும், தற்காலிகமாக என்று சொல்லி, பழைய டார்ச்சும் செல்லும் கொடுத்தார்கள். ஸ்டோரிலிருந்து எடுத்தது அண்ணன் ஒருவனைத்தான். தெரிந்தே கொடுத்த குற்றம். கீழ்வேலை கொடுத்தார்கள்: குழாய் வாயில் உட்காருவது. கட்டையன் இடத்தில் ரேடியோ உள்ளே இறங்குவதால் அந்த இடம் காலியாக இருந்தது.

"நிக்க வச்சு அறுத்துட்டா என்னை" என்று அண்ணன் என்னிடம் புலம்பினான். "நான் சொல்லத்தான போனேன். அதுக்குள்ள கத்திட்டா."

"நீ 'இல்ல சார்'னுதான சொன்ன?" என்றேன். அவனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவன் சட்டையை உதறி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவர்கள் சேர்ந்து வேலைக்குப் போன முதல் நாள் நானும் போயிருந்தேன். அண்ணி மதிய டப்பாவை மறந்து வைத்துவிட்டாள், கொடுக்கப் போனேன். சாலை ஓரத்தில் மூடி திறந்திருந்தது. சுற்றிலும் சிவப்புக் கொடி. ரேடியோ ஏற்கனவே இறங்கி, உள்ளிருந்து யாருக்கோ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வாயில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஸ்டோரில் நிழலிலேயே இருந்து பழகியவன், கழுத்து அதற்குள் சிவந்திருந்தது.

அவன் ஒரு டார்ச்சை எடுத்து, அழுத்தி, எரிகிறதா என்று பார்த்து, அணைத்து, அவளிடம் நீட்டினான். "புதுச் செல் போட்டிருக்கேன்."

அண்ணி வாங்கினாள். ஏணிப்படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். டார்ச்சின் பின்மூடியைத் திருகி எடுத்து, இரண்டு செல்லையும் உள்ளங்கையில் கொட்டினாள். ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஈரம் இருக்கிறதா, காகிதம் உரிந்திருக்கிறதா, தேதி என்ன. அவசரமே இல்லை. போகிற வருகிற வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் கறுத்தது.

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

"இப்படி எத்தன நாளைக்கு?"

அவள் செல்லைத் திரும்பப் போட்டு, மூடியைத் திருகி, ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"நாளைக்கும் திறந்து பாப்பேன். நாளான்னைக்கும் பாப்பேன். நீ குடுத்துக்கிட்டே இரு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். "கயிற ஒழுங்காப் புடி."

இறங்கிப்போனாள். அண்ணன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.